ஐரோப்பியக் கணினிப் பார்வை மாநாடு, சூரிச் (2014)

ஐரோப்பியக் கணினிப் பார்வை மாநாடு என்பது படங்களையும் காணொளிகளையும் கணினி புரிந்துகொள்ளும் வழிகளை ஆராயும் பன்னாட்டு அறிவியல் மாநாடு. 1990இல் பிரான்சின் ஆன்டீப் நகரில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. இதன் 13ஆவது மாநாடு 2014 செப்டம்பர் 6 முதல் 12 வரை சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் நடைபெற்றது. சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர்களான லூக் வான் கூலும் மார்க் போலேஃபேசும் இதன் பொதுத் தலைவர்கள்.

கட்டுரைத் தேர்வு

இந்த மாநாட்டுக்கு 1,444 கட்டுரைகள் வந்தன; 363 ஏற்கப்பட்டன. அதாவது நான்கில் ஒன்று. கட்டுரை அனுப்புவோர் தம் பெயரையும் நிறுவனத்தையும் நீக்கிவிட வேண்டும். மதிப்பீட்டாளர் யார் என்பதும் எழுதியவருக்குத் தெரியாது. மதிப்பீடுகள் வந்தபின் எழுதியவர் தம் தரப்பு விளக்கத்தை அளிக்கலாம். அதன் பிறகே மாநாட்டின் ஆய்வுப் பிரிவுகளுக்குப் பொறுப்பான துறைத் தலைவர்கள் முடிவெடுப்பார்கள். தேர்வான கட்டுரைகளில் சில மட்டுமே மேடையில் வாசிக்கப்படும். மற்றவை சுவரொட்டிகளாக வைக்கப்படும். எழுதியவர் அருகில் நின்று வருவோரின் கேள்விகளுக்கு விடை சொல்வார். கட்டுரைகளை ஸ்பிரிங்கர் பதிப்பகம் ஏழு தொகுதிகளாக வெளியிட்டது.

முக்கியப் பங்களிப்புகள்

பல அடுக்கு நரம்பியல் வலைப்பின்னல்களைப் பயிற்றுவிக்கும் ஆழ்கற்றல் முறை 2012இல் படம் அறியும் போட்டியில் பெற்ற வெற்றியின் தாக்கம் சூரிச்சில் தெளிவாகத் தெரிந்தது. நரம்பியல் வலைப்பின்னலின் ஒவ்வொரு அடுக்கும் படத்தில் எதைக் கவனிக்கிறது என்பதை மேத்யூ சீலரும் ராப் ஃபெர்கசும் காட்சிப்படுத்திக் காட்டினர். எந்த அளவுள்ள படத்தையும் வெட்டாமல், சுருக்காமல் வலைப்பின்னலுக்குக் கொடுக்கும் முறையைக் கைமிங் ஹே குழுவினர் முன்வைத்தனர்.

புதிய வழிமுறை எதையும் பெரிதாக முன்வைக்காமல், தரவுத் தொகுப்பு ஒன்றைத் தந்து நிலைத்த கட்டுரையும் இங்கே வந்தது. அதுவே மைக்ரோசாஃப்ட் கோக்கோ. முந்தைய தொகுப்புகளில் பெரும்பாலும் படத்தின் நடுவே ஒரு பொருள் தனித்து நிற்கும். கோக்கோவோ அன்றாடக் காட்சிகளை எடுத்துக்கொண்டது: மேசை, அதன்மேல் கோப்பை, பக்கத்தில் நாற்காலி, பின்னால் பாதி மறைந்து நிற்கும் ஆள். 3,28,000 படங்களில் 25 லட்சம் பொருள்கள் குறிக்கப்பட்டன; சராசரியாக ஒரு படத்தில் 7.7 பொருள்கள்.

இந்த வேலை மூன்று கட்டங்களாக நடந்தது. இணையவழிக் கூலிப் பணியாளர்கள் முதலில் படத்தில் என்னென்ன வகைப் பொருள்கள் உள்ளன என்று சொன்னார்கள். அடுத்து ஒவ்வொரு பொருளின் மேலும் ஒரு குறி இட்டார்கள். கடைசியில் அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்தார்கள். இதற்கு 70,000 மணி நேரத்துக்கு மேல் மனித உழைப்பு செலவானது. பொருள்களைக் கண்டறியும் புதிய முறைகளின் தரத்தை அளக்க, பின்வந்த ஆண்டுகளில் கோக்கோவே பொது அளவுகோலானது.

இந்தியாவில் இத்துறை

இத்துறையின் வேறு மாநாடுகள் இந்தியாவிலும் நடந்துள்ளன. பன்னாட்டுக் கணினிப் பார்வை மாநாடு 1998இல் மும்பையிலும், ஆசியக் கணினிப் பார்வை மாநாடு 2006இல் ஐதராபாத்திலும் நடந்தன. கணினிப் பார்வை, வரைகலை, படச் செயலாக்கம் ஆகியவற்றுக்கான இந்திய மாநாடு 2010 டிசம்பரில் சென்னையில் நடைபெற்றது.

மதிப்பீடு

நல்ல தரவைப் பொறுமையாகத் திரட்டுவதும் கண்டுபிடிப்புக்கு நிகரான அறிவியல் பணி என்பதை சூரிச் மாநாடு நிலைநாட்டியது. அந்தத் தரவு யாருடைய வாழ்க்கையைக் காட்டுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். கோக்கோவின் 80 வகைகளில் பீட்சா உண்டு, பனிச்சறுக்குக் கட்டை உண்டு. இட்லியும் ஆட்டோவும் இல்லை. இக்குறையின் ஒரு பகுதியை ஐதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2019இல் வெளியிட்ட இந்தியச் சாலைத் தரவுத் தொகுப்பு தீர்த்தது. அதன் 10,000 படங்களில் ஆட்டோவுக்குத் தனி வகை உண்டு. தமிழ்நாட்டு மாணவர்கள் நம் கடைத்தெருவையும் வயலையும் சமையலறையையும் இதே கவனத்தோடு தொகுத்தளித்தால், உலக மாநாடுகளுக்கு அது பெறுமதியான பங்களிப்பாக அமையும்.