கழுத்துச் சொடுக்கும் மூளையின் ரத்த ஓட்டமும்: அளவீடுகள் எட்டாத இடர்

கழுத்தை ஒரு பக்கம் திருப்பி, அதன் எல்லையில் சட்டென்று ஒரு சொடுக்குக் கொடுப்பது கைரோபிராக்டிக் மருத்துவத்தில் பரவலாகக் கையாளப்படும் முறை. அந்தச் சொடுக்கு மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறதா என்பது பழைய கேள்வி. தலையைப் பின்சாய்த்துத் திருப்பினால் முள்ளெலும்புத் தமனியின் ஓட்டம் தடைப்படக்கூடும் என்று டி கிளைன், நியூவென்ஹைசே ஆகிய இருவரும் 1927-இலேயே இறந்தோர் உடல்களில் சோதித்து எழுதினார்கள். உயிருள்ளவர்களிடம் அண்மைக் காலத்தில் நடந்த அளவீடுகளோ பெரும்பாலும் ‘குறைக்கவில்லை’ என்றே சொல்கின்றன. அந்த விடையை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஓட்டம் குறையவில்லை, ஆகவே சிகிச்சை பாதுகாப்பானது என்று அதிலிருந்து வருவிக்கப்படும் முடிவைத்தான் மறுக்கிறது. இச்சிகிச்சையை ஒட்டி நேர்வதாகச் சொல்லப்படும் பக்கவாதம், ஓட்டம் குறைவதால் வருவதன்று; தமனியின் சுவர் கிழிவதால் வருவது. சுவரைப் பற்றிய கேள்விக்கு ஓட்டத்தை அளந்து விடை காண முடியாது.

தமனியின் பாதையைப் பார்த்தால் இது விளங்கும். மூளைக்கு ரத்தம் தரும் நான்கு பெருந்தமனிகளில் முன்புறத்து இரண்டு கரோட்டிட் தமனிகளும் பெரும்பங்கைச் சுமக்கின்றன. பின்புறத்து இரண்டு முள்ளெலும்புத் தமனிகளும் ஏறத்தாழக் கால் பங்கைத் தருகின்றன. ஆனால் அந்தக் கால் பங்குதான் மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் பார்வைக்குரிய, மூளையின் பின்பகுதிக்கும் உரியது. விழுங்குவதும் மூச்சும் சமநிலையும் அதை நம்பியிருக்கின்றன. இத்தமனி பெரும்பாலோரிடம் ஆறாவது கழுத்தெலும்பின் பக்கவாட்டுத் துளையில் நுழைந்து, ஒவ்வொரு எலும்பின் துளை வழியாகவும் மேலேறி, முதல் எலும்பைச் சுற்றி வளைந்து, மண்டையோட்டுக்குள் புகுகிறது. எலும்புத் துளைகள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. கழுத்துத் திரும்பலில் ஏறத்தாழப் பாதி, முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே மட்டும் நடக்கிறது. ஆகவே தலை திரும்பும்போது மேலே உள்ள வளைவுதான் அதிகமாக இழுபடுகிறது. முள்ளெலும்புத் தமனிக் கிழிவுகள் அடிக்கடி காணப்படும் இடங்களில் இந்த வளைவும் ஒன்று.

இனி அளவீடுகள். தாமஸும் அவர் குழுவினரும் 2013-இல் நலமுள்ள இருபது பேரின் கழுத்தைக் கைமுறைச் சிகிச்சையில் வழங்கும் பல நிலைகளில் நிறுத்தி, காந்த அதிர்வுப் படத்தில் நான்கு தமனிகளின் ஓட்டத்தையும் அளந்தார்கள்; மூளைக்குள் செல்லும் மொத்த ரத்தம் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. 2014-இல் கெனலின் குழு நலமுள்ள பத்து ஆண்களுக்கு உண்மையிலேயே சொடுக்குக் கொடுத்து அளந்தது, முடிவு அதேதான். நலமுள்ளவர்களை மட்டும் பார்த்தால் போதுமா என்ற குறையை நீக்க, மோசரும் கூட்டாளிகளும் நீண்டகாலக் கழுத்து வலி உள்ள இருபது பேரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டதிலும் பொருட்படுத்தத் தக்க மாற்றம் இல்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு முள்ளெலும்புத் தமனி சற்று நெரிபட்டாலும் மறுபக்கத்துத் தமனி ஈடுசெய்யும். மூளையின் அடியில் தமனிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வில்லிஸ் வட்டமும் கைகொடுக்கும். தலையைத் திருப்பியதும் மயங்கி விழும் உடலமைப்பு இருந்திருந்தால் மனிதர் தெருவைக் கடந்திருக்கவே முடியாது. தலை திரும்பும்போது மட்டும் தமனி அடைபட்டு மயக்கம் வரும் நிலை உண்டு. அது அரிதானது, பெரும்பாலும் எலும்பு வளர்ச்சியாலோ பிறவி அமைப்பாலோ வருவது.

சேதம் நேரும் வழி வேறு. தமனியின் உள்படலம் கிழிந்தால் ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கிடையே புகுந்து தேங்கும். கிழிந்த பரப்பில் உறைகட்டி உண்டாகும். அதிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்து மேலே போய் மூளையின் சிறு தமனியை அடைக்கும். கிழிவால் வரும் பக்கவாதங்களில் பெரும்பாலானவை இவ்வாறு துணுக்கு அடைத்து வருபவைதான். கிழிவுக்கும் பக்கவாதத்துக்கும் இடையே மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ இடைவெளி விழலாம். அவ்வளவு நேரமும் பெருந்தமனியில் ஓட்டம் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கக்கூடும். எந்த அளவீட்டில் ஓட்டம் மாறவில்லை என்று நாம் நிம்மதி அடைகிறோமோ, அதே அளவீடு கிழிவு நேர்ந்த ஒருவரிடத்திலும் கிட்டத்தட்ட அதே எண்ணைக் காட்டியிருக்க முடியும். சிகிச்சைக்கு முன் தலையைத் திருப்பிப் பிடித்து, மயக்கம் வருகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை பயனற்றுப் போனதும் இதனால்தான். பக்கவாதம் நேர்ந்த அறுபத்து நான்கு வழக்குகளை ஆராய்ந்து 2002-இல் எழுதிய ஹால்டெமனும் உடன் ஆய்வாளர்களும், யாருக்கு நேரும் என்பதை முன்னறிய முடியவில்லை என்றே முடித்தார்கள். ஹால்டெமன் கைரோபிராக்டிக், நரம்பியல் இரண்டிலும் பயிற்சி பெற்றவர் என்பதால் அந்த முடிவைப் பகைவரின் சொல் என்று தள்ளிவிட முடியாது.

சுவரை நேரடியாகச் சோதித்தவர்களும் உண்டு. சைமன்ஸ், லெனார்ட், ஹெர்சாக் ஆகியோர் 2002-இல் இறந்தோர் உடல்களில் சொடுக்குக் கொடுத்துத் தமனி எவ்வளவு நீள்கிறது என்று அளந்தார்கள். அறுபடத் தேவையான நீட்சியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. இது வலுவான சான்று, ஒதுக்கத் தக்கதன்று. ஆயினும் அது சொல்வது, நலமான தமனியை ஒரு சாதாரணச் சொடுக்கு அறுக்காது என்பதை மட்டுமே. இணைப்புத்திசு நோய் உள்ள தமனி, சுவரில் நார்த்தசை வளர்ச்சிக் கோளாறு உள்ள தமனி, எல்லாவற்றுக்கும் மேலாக ஏற்கெனவே சற்றுக் கிழிந்திருக்கும் தமனி ஆகியவற்றைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. விவாதத்தின் உயிர்நிலை அந்தக் கடைசி வகையில்தான் இருக்கிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கைரோபிராக்டிக் வருகைகள் அரசுக் காப்பீட்டுப் பதிவில் ஏறியதால் பெரிய ஆய்வுகள் அங்கே நடந்தன. ரோத்வெல் குழுவின் 2001-ஆம் ஆண்டு ஆய்வில், நாற்பத்தைந்து வயதுக்குட்பட்ட பக்கவாத நோயாளிகள் முந்தைய வாரத்தில் கைரோபிராக்டரிடம் போயிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு என்று வந்தது. காசிடியின் குழு 818 நோயாளிகளை வைத்து 2008-இல் ஒரு திருப்பத்தைக் காட்டியது: குடும்ப மருத்துவரிடம் போனவர்களிடமும் அதே அளவு தொடர்பு இருக்கிறது. மருத்துவர் கழுத்தைச் சொடுக்குவதில்லை. ஆகவே கிழிவு முதலில் நேர்ந்து, அதன் வலியோடுதான் நோயாளி இருவரிடமும் போகிறார் என்று அவர்கள் விளக்கினார்கள். அந்த ஆய்வுக்குக் குறைகள் உண்டு. மருத்துவமனைக் குறியீடுகளை நம்பியது; கிழிவு என்று உறுதியான நோயாளிகளைத் தனியே பிரிக்கவில்லை; நோயாளிகளில் பலர் தமனிக் கிழிவு மிகுதியாக வரும் வயதைத் தாண்டியவர்கள். இருந்தும் விளக்கம் பொருத்தமானதே என்று ஒப்புக்கொள்வோம். ஒப்புக்கொண்டால் என்ன ஆகிறது? கிழிந்த தமனியோடு வருபவர்கள் கைரோபிராக்டரின் மேசையில் படுக்கிறார்கள் என்றாகிறது. மருத்துவரும் கைரோபிராக்டரும் அதே நோயாளியைப் பார்க்கிறார்கள். ஒருவர் மாத்திரை எழுதுகிறார், மற்றவர் அந்தக் கழுத்தில் விசையைச் செலுத்துகிறார். குற்றத்திலிருந்து விடுவிப்பதாகக் காட்டப்படும் ஆய்வு, உண்மையில் எச்சரிக்கையின் சுமையைக் கூட்டுகிறது. அமெரிக்க இதயக் கழகம் 2014-இல் வெளியிட்ட அறிக்கை, காரண உறவு நிறுவப்படவில்லை என்று சொல்லிக்கொண்டே, இந்தத் தொடர்பை நோயாளிக்குச் சிகிச்சைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்று கேட்டது இந்த நிலையைப் புரிந்துகொண்டுதான்.

எதிர்வாதங்களில் முதலாவது, இது மிக அரிது என்பது. உண்மை. முள்ளெலும்புத் தமனிக் கிழிவே ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் அளவில்தான் நேர்கிறது. சொடுக்கோடு சேர்ந்து வருவது இன்னும் குறைவு. தும்மினாலும் இருமினாலும் கூரைக்கு வெள்ளையடிக்க அண்ணாந்தாலும் கிழியலாம் என்பது இரண்டாவது. அதுவும் உண்மை, ஆனால் தும்மலை யாரும் பணம் கொடுத்து வாங்குவதில்லை. மூன்றாவதுதான் கனமானது: கழுத்து வலிக்கு விழுங்கும் வலிநிவாரணிகள் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்குகின்றன, அந்த இடர் இதைவிடப் பெரிது என்கிறார்கள். ஒப்பீடு மாத்திரையோடு நின்றுவிட்டால் வாதம் வெல்லும். ஆனால் நிற்கவில்லை. பிரான்ஃபோர்ட்டின் குழு 272 நோயாளிகளை மூன்றாகப் பிரித்துச் செய்து 2012-இல் வெளியிட்ட சோதனையில் சொடுக்குச் சிகிச்சை மாத்திரையை வென்றது; வீட்டிலேயே செய்யும் எளிய கழுத்துப் பயிற்சியோ சொடுக்குக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. விசையில்லாமல் மெதுவாக மூட்டை அசைக்கும் முறையும் அதே போன்ற பலன் தருவதாகவே காக்ரேன் தொகுப்பாய்வு காண்கிறது. பலன் சமமாக இருக்கும்போது, அரிதான இடரும் காரணமில்லாத இடராகிவிடுகிறது. நம் ஊர்ச் சலூன்களில் முடிவெட்டி முடித்துக் கழுத்தைச் சொடுக்கிவிடும் வழக்கத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும். அங்கே வலியும் இல்லை, நோய் வரலாறு கேட்பாரும் இல்லை.

ஆகவே ரத்த ஓட்ட ஆய்வுகளைப் பாதுகாப்புச் சான்றிதழாக நீட்டுவதை இத்துறை நிறுத்த வேண்டும். முன்பு அறியாத வகையில், திடீரென்று, கழுத்தின் பின்புறத்திலோ பிடரியிலோ வலி தொடங்கியவருக்கும், வலியோடு தலைசுற்றல், நாக்குழறல், இரட்டைப் பார்வை, விழுங்கச் சிரமம், ஒருபக்க முக மரப்பு ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவருக்கும் சொடுக்குக் கொடுக்கக் கூடாது. தமனியைப் படமெடுத்துப் பார்க்க உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கும் மேல்கழுத்தைத் திருப்பிக் கொடுக்கும் சொடுக்கு, பயிற்சியும் மெதுவான அசைவும் செய்து பார்க்கும் முன் முதல் தெரிவாக இருக்க நியாயம் இல்லை.