பழவேற்காட்டுக் கருமணலில் ஓர் ஐயக் கனிமம்: ஆம்பிபோல் வகைப்பாட்டின் வரலாறும் முகத்துவார மணலின் பிறப்பிடமும்

முன்னுரை

பழவேற்காட்டின் வரலாற்றை எழுதுவோர் 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையிலிருந்து தொடங்குவது வழக்கம். கோட்டைக்கும் துறைக்கும் இடம் கொடுத்த மணலைப் பற்றி அவ்வெழுத்துகளில் பேச்சு அரிதாகவே எழுகிறது. ஏரியையும் வங்கக் கடலையும் இணைக்கும் முகத்துவாரம் மணலால் தூர்வதும் மீண்டும் திறப்பதும் கூனங்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் முதலிய மீனவ ஊர்களின் பிழைப்பை நேரடியாகத் தொடுவன. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் அவ்வழியாகவே ஏரிக்குள் நுழைகின்றன. சுற்று வலை இறக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு அந்த வரவை நம்பி நிற்பது.

முகத்துவாரத்தை அடைக்கும் மணல் எங்கிருந்து வருகிறது? அம்மணலின் பெரும்பகுதி குவார்ட்சு. அதன் பரல் எந்தப் பாறையில் பிறந்ததாயினும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோற்றமளிக்கும். ஆகவே சாட்சியத்தைக் கரும்பரல்களிடையேதான் தேட வேண்டும். அவற்றுள் ஆம்பிபோல் குடும்பத்தைச் சேர்ந்த ஹார்ன்பிளெண்டு ஒன்று. மணல் ஆய்வுகளில் அதை ‘ஹார்ன்பிளெண்டு’ என்ற ஒரே சொல்லால் குறித்து நிறுத்திவிடுவதுண்டு. ‘எந்த ஹார்ன்பிளெண்டு?’ என்று கேட்டாலன்றி மணலின் பிறப்பிடம் தெளிவாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அக்கேள்வியைக் கேட்கும் வசதி வகைப்பாட்டின் நீண்ட வரலாற்றில் கிடைத்ததாகையால் முதலில் அவ்வரலாற்றைக் காண்போம்.

பெயரிலேயே ஐயம்

‘ஹார்ன்பிளெண்டு’ ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளரின் பழஞ்சொல். முற்பகுதி கொம்பைக் குறிக்கும். பிற்பகுதி கண்ணை மயக்குவதைக் குறிக்கும். தாதுவைப்போல் மின்னிவிட்டு, உலையில் இட்டால் உலோகம் தராத கல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. 1801-இல் பிரெஞ்சுப் படிகவியலர் ரெனே ஜூஸ்ட் ஹாய், ‘ஐயத்திற்கிடமானது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஆம்பிபோல்’ என்னும் பெயரை அமைத்தார். தோற்றமும் இயைபும் பலவாறு வேறுபட்டதே அப்பெயருக்குக் காரணம். ஏமாற்றும் கல், ஐயக் கல் என்னும் இரு பெயர்களும் கனிமத்தை விடப் பார்த்தவரின் திகைப்பையே அதிகம் பதிவு செய்துள்ளன எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடையாளத்திற்கு உதவியது பிளவுக் கோணம். ஆம்பிபோல் ஏறத்தாழ 56, 124 பாகைகளில் பிளவுபடும். அதனுடன் எளிதில் குழம்பும் பைராக்சீன் 87, 93 பாகைகளில் பிளவுபடும். இதன் காரணம் 1929-இல் வாரன் டிரெமோலைட்டின் அமைப்பை எக்ஸ் கதிரால் கண்டறிந்தபோதுதான் விளங்கிற்று. பைராக்சீனில் சிலிக்கேட்டு நான்முகிகள் ஒற்றைச் சங்கிலியாகவும் ஆம்பிபோலில் இரட்டைச் சங்கிலியாகவும் கோக்கப்பட்டுள்ளன. மேலும், ஆம்பிபோலின் கட்டமைப்பிற்குள் ஹைட்ராக்சில் அயனிகளும் இருக்கின்றன. நீரின் இக்கூறு பின்வரும் வாதத்திற்கு இன்றியமையாதது.

பல்லாவரக் கல்லும் ஃபெர்மோர் கோடும்

கொல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-இல் அப்பாறைக்குச் ‘சார்னோக்கைட்’ எனப் பெயரிட்டார். கல் சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியினது. பெயரோ அதன் அடியில் உறங்குபவருடையது. (கல் வெட்டிய ஊருக்குப் பெயரில் இடமில்லாமற் போனது இத்துறையில் புதிதன்று.) ஹைப்பர்ஸ்தீன் என்னும் பைராக்சீனே சார்னோக்கைட்டின் அடையாளக் கனிமம்; ஹார்ன்பிளெண்டும் அதில் பலவிடங்களில் கலந்திருக்கும்.

ஹார்ன்பிளெண்டு கொண்ட பாறை புவியின் ஆழத்தில் மிகுவெப்பத்திற்கு உள்ளாகும்போது ஹைட்ராக்சில் நீராக வெளியேற, அக்கனிமம் சிதைந்து பைராக்சீன் உருவாகிறது. இவ்வகையில் ஆம்பிபோலின் குறைவும் பைராக்சீனின் நிறைவும் அந்நிலம் எவ்வளவு வெப்பம் கண்டது என்பதைச் சொல்லும். 1936-இல் லூயிஸ் லீ ஃபெர்மோர் தென்னிந்தியத் தொல்பாறைகளைச் சார்னோக்கைட் உள்ளவை, இல்லாதவை எனப் பிரித்தார். ஃபெர்மோர் கோடு என இன்று அழைக்கப்படும் அவ்வெல்லை மங்களூர்ப் பக்கத்திலிருந்து சென்னைப் பக்கம் வரை தோராயமாகச் செல்கிறது. வரைபடத்தில் காண்பதுபோல் அது கூர்மையான கோடன்று. மாறுநிலைப் பட்டையாகவே நிலத்தில் காணப்படுகிறது. அதன் கிழக்கு முனைக்கு வடக்கே பழவேற்காடு அமைந்திருப்பது மணல் ஆய்வுக்கு வாய்ப்பான நிலை.

வந்த பெயர்களும் போன பெயர்களும்

ஃபெர்மோருக்கு இவ்வரலாற்றில் இன்னொரு பங்கும் உண்டு. மத்திய இந்தியாவின் காஜ்லிதோங்ரி மாங்கனீசுச் சுரங்கத்தில் கிடைத்த நீல ஆம்பிபோலுக்கு, அதைக் கண்டெடுத்த ஹோவர்டு வின்ச்சின் பெயரால் 1906-இல் ‘வின்ச்சைட்’ எனப் பெயரிட்டவர் அவரே. அவர் பேராசிரியர் ஜட்டின் பெயரால் அமைத்த ‘ஜட்டைட்’ இன்று ஏற்கப்படுவதில்லை. 1938-இல் டன், ராய் இருவரும் திரோடி என்னும் ஊரின் பெயரால் அமைத்த ‘திரோடைட்’ 1978-ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்று, 1997-இல் நீக்கப்பட்டது. வின்ச்சைட் என்னும் பெயர் நிலைத்தது. அதன் பொருளோ மாறிவிட்டது. மாங்கனீசுச் சுரங்கத்தில் பிறந்த அப்பெயரின் இன்றைய வரையறையில் மாங்கனீசுக்கு இடமில்லை. சோடியமும் கால்சியமும் எவ்விகிதத்தில் எந்த இடத்தில் அமர்ந்துள்ளன என்பதே கணக்கு.

இம்மாற்றத்தைச் செய்தது பன்னாட்டுக் கனிமவியல் சங்கத்தின் வகைப்பாடு. பெர்னார்டு லீக் தலைமையில் 1978, 1997 ஆண்டுகளிலும், ஹாதார்ன் முதலியோரால் 2012-இலும் அது வெளியிடப்பட்டது. ஆம்பிபோலின் கட்டமைப்பை அறைகள் கொண்ட ஒரு வீடாகக் கருதலாம்: சிலிக்கானும் அலுமினியமும் அமரும் நான்முக இடங்கள் 8, மக்னீசியம், இரும்பு முதலியன அமரும் இடங்கள் 5, கால்சியம் அல்லது சோடியம் போன்றவை அமரும் பெரிய இடங்கள் 2, காலியாகவும் இருக்கக்கூடிய இடம் 1, இவற்றோடு ஆக்சிஜன் 22, ஹைட்ராக்சில் 2. ஹைட்ராக்சிலின் இடத்தில் ஃபுளோரினோ குளோரினோ வரலாம். 1978-இல் நான்கு தொகுதிகளாக இருந்த குடும்பம், 2012-இல் இரு பெரிய இடங்களை ஆளும் அயனிகளைக் கொண்டு எட்டு உட்தொகுதிகளாக விரிந்தது.

நிறம், பளபளப்பு, பிளவு ஆகியவற்றால் பெயர் சூட்டிய காலம் இவ்வாறு முடிந்தது. ஆயினும் ஐயம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. மின்னணு நுண்பகுப்புக் கருவியால் இரும்பின் ஈரிணைய, மூவிணைய நிலைகளைப் பிரித்தறிய இயலாது. ஹைட்ராக்சிலையும் லித்தியத்தையும் அது காட்டுவதில்லை. அவற்றைக் கணக்கீட்டால் ஊகித்தே பல பகுப்பாய்வுகளில் பெயர் வழங்கப்படுகிறது.

தமிழில் எழுதுவோருக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உள்ளது. ‘ஃபெர்ரோ’ என்னும் முன்னொட்டு ஈரிணைய இரும்பையும் ‘ஃபெர்ரி’ மூவிணைய இரும்பையும் குறிக்கும். ஓர் உயிர்க்குறி பிழைத்தால் வேறு கனிமமாகிவிடும். ஹார்ன்பிளெண்டைக் ‘கொம்புக்கல்’ என மொழிபெயர்ப்பது பழைய சுரங்கத்தாரின் திகைப்பைத் தமிழாக்குவதே அன்றி அறிவியலைத் தமிழாக்குவதாகாது. ‘மக்னீசியோ-ஹார்ன்பிளெண்டு’ என ஒலிபெயர்த்து, முன்னொட்டுகளை ஒரே சீராகக் கையாள்வதே தக்கது என்பது என் கருத்து.

மணலுக்குத் திரும்பினால்

கடற்கரையில் ‘கருமணல்’ எனப்படுவது ஒரு கனிமமன்று. அலை பின்வாங்கும் கோட்டில் கனமான பரல்கள் தங்கிவிடுகின்றன. குவார்ட்சின் அடர்த்தி 2.65, ஹார்ன்பிளெண்டு ஏறத்தாழ 3.0 முதல் 3.4, இல்மனைட் 4.7. ஆதலால் அடர்ந்த கரும்பட்டைகளில் இல்மனைட் மிகுந்திருக்க, நீள்வடிவ ஹார்ன்பிளெண்டு பரல்கள் ஓரளவு விலகிப் பரவுகின்றன. பட்டையை மட்டும் அள்ளிவந்து ஆராய்வோருக்கு ஹார்ன்பிளெண்டு குறைவாகவே கிடைக்கும். அதனைக் கொண்டு மூலப்பாறையிலும் அது குறைவு என முடிவு செய்தல் பொருந்தாது.

இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் திசை மாறுகிறது. 1875-இல் தொடங்கிய சென்னைத் துறைமுகப் பணிக்குப் பின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே இராயபுரக் கரை அரிக்கப்பட்டதும் இந்நகர்வின் விளைவுகள். 2001-இல் செயற்பாட்டுக்கு வந்த எண்ணூர்த் துறைமுகமும் அதே வழியில் நிற்கிறது. இவற்றோடு ஆரணியாறும் காளங்கியும் தம் மணலை ஏரிக்குள் இடுகின்றன. வடமேற்கே நெல்லூர்ப் படலப்பாறைப் பகுதியில் ஆம்பிபோல் மிகுந்த பாறைகள் உள்ளன.

இங்குதான் வேதியியல் வேறுபாடு பயன்படுகிறது. மிகுவெப்பம் கண்ட சார்னோக்கைட் நிலத்து ஆம்பிபோலில் பொதுவாக டைட்டானியம் கூடியிருக்கும். நுண்ணோக்கியில் அது பழுப்பாகத் தெரியும். வெப்பம் குறைந்த நிலத்து ஆம்பிபோல் பெரும்பாலும் பச்சை. அதில் டைட்டானியம் குறைவு. தெற்கே செங்கல்பட்டு, பல்லாவரப் பக்கத்துப் பரல்களையும் வடமேற்கிலிருந்து வருவனவற்றையும் இவ்வாறு வேறுபடுத்த முயலலாம். ‘ஹார்ன்பிளெண்டு’ என ஒரே கட்டத்தில் எண்ணிப் பதிவு செய்தால் இச்சான்று அழிந்துவிடும். முகத்துவாரத்தைத் தூர்வாரித் திறப்பதா, கரையில் கற்சுவர் எழுப்புவதா என்னும் விவாதத்தில் மணல் கடல்வழி வந்ததா ஆற்றுவழி வந்ததா என்பது முதற்கேள்வி. இரு வரவுகளுக்கும் ஒரே மருந்து பொருந்தாது.

இம்முறைக்கு ஒரு தடையும் உண்டு. சிர்க்கான், கார்னெட் போன்றவற்றைவிட ஹார்ன்பிளெண்டு விரைவில் சிதைவது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் பழைய மணல்மேடுகளில் அது அரிக்கப்பட்டு மறைந்திருக்க வாய்ப்புண்டு. அங்கே அதன் இன்மை வேறொரு பிறப்பிடத்தைக் காட்டாது, மேட்டின் முதுமையையே காட்டக்கூடும். ஆதலால் இன்றைய முகத்துவார மணலைப் பழைய மேட்டு மணலோடு ஒப்பிடுவதற்கு முன், ஆரணியாற்றுப் படுகையிலும் காட்டுப்பள்ளிக் கரையிலும் ஒரே பருவத்தில் எடுத்த மணலோடு ஒப்பிடுதல் வேண்டும். வடகிழக்குப் பருவம் முடிந்தபின் அதே இடங்களில் மற்றொரு முறை மணல் எடுத்தால், திசைமாறிய நகர்வு கொணர்ந்த பச்சைப் பரல்களின் கூடுதலையும் அளந்துவிடலாம்.