யாருடைய விமானம்? - அவ்ரோ முதல் சாரஸ் வரை

எங்கள் வல்லம் செஞ்சிக்குப் பக்கத்தில். டீக்கடையில் ஒரு தம்பி கேட்டான்: “ஏண்ணா, நம்ம வல்லத்துக்கு ஏரோப்ளேன் கம்பெனி வருதாமே, நெசமா?” “அது இந்த வல்லம் இல்லப்பா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால், சிப்காட்டோட ஏரோஸ்பேஸ் பூங்கா.” “அங்க ப்ளேன் செய்வாங்களா?” “பாகம் செய்வாங்க.” “அவ்ளோதானா” என்று எழுந்து போய்விட்டான். அவன் கேள்விக்கு இன்னும் நீளமான பதில் உண்டு.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நம் நண்பர்களிடம் இரண்டு விடைகள் தயாராக இருக்கும். நமக்குத் திறமை போதாது என்பது ஒன்று; ஏகாதிபத்தியம் விடாது என்பது மற்றொன்று. இரண்டுமே மேற்கொண்டு யோசிக்க விடாத சௌகரியமான விடைகள் என்று கருதுகிறேன்.

வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு 1940இல் பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்டைத் தொடங்கினார். அங்கே வி.எம். காட்கே வடிவமைத்த எச்.டி-2 பயிற்சி விமானம் 1951இலும், பறக்கும் சங்கங்களுக்கான புஷ்பக் 1958இலும் பறந்தன. அடுத்த படியாக ஒரு சிறிய பயணிகள் விமானத்தைச் சொந்தமாக வரைந்திருக்கலாம். வந்தது அவ்ரோ 748. வரைபடம் பிரிட்டனுடையது, ரிவெட் அடித்தது கான்பூர். 1961 நவம்பரில் கான்பூரின் முதல் அவ்ரோ பறந்தது. மொத்தம் செய்தவை 89. விமானப்படைக்குப் போனவை 72. இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கியவை 17தான்.

இந்தக் கணக்கை நின்று பார்க்க வேண்டும். செய்பவர் அரசு, 1953 நாட்டுடைமைக்குப் பிறகு வாங்குபவரும் அரசு, தகுதிச் சான்று தருபவரும் அரசு. ஆனால் செய்பவர் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், வாங்குபவர் சிவில் விமானத்துறையின் கீழ். பட்டாளத்துக்குச் செய்கிறவருக்குச் செலவு ஒரு பெரிய கவலை இல்லை. பயணிகள் விமானத்தின் கதை வேறு: இருக்கைக்கு எவ்வளவு எரிபொருள் ஆகும், கெட்டுப்போன பாகத்துக்கு மாற்று நாளைக்கே வருமா என்பதில்தான் அதன் பிழைப்பு. ‘அரசு’ என்று ஒருமையில் பேசுகிறோமே, அந்த ஒருமையே ஒரு புனைவு.

இதைவிடப் பெரியது நினைவின் இழப்பு. ஒன்றை வரைந்து, தவறி, திருத்தியவர்கள்தான் அடுத்ததைச் செய்ய முடியும். உரிமம் வாங்கிச் செய்கிறவருக்கு ‘எப்படி’ தெரியும்; ‘ஏன்’ தெரியாது. 80களில் கான்பூர் ஜெர்மனியின் டார்னியருக்கு மாறியது, அதுவும் உரிமம்தான். தேசிய விமானவியல் ஆய்வகம் ரஷ்யர்களோடு சேர்ந்து 1991இல் சாரஸைத் தொடங்கியது. சோவியத் சிதறியதும் அந்தத் துணை போயிற்று. 2004 மே மாதம்தான் அது முதலில் பறந்தது, திட்டமிட்டதைவிட மிகக் கூடுதலான எடையோடு. 2009 மார்ச்சில் பெங்களூர் அருகே இரண்டாவது மாதிரி விழுந்து மூன்று பேர் மாண்டார்கள். வேலை முடங்கிப்போய், 2018 ஜனவரியில் மறுபடி பறந்தது. ஒரு பொறியாளரின் பணிக்காலமே இதற்குள் முடிந்துபோகும்.

பிரேசிலில் 1968இல் பந்தெய்ராந்தே பறந்தது. மறு ஆண்டு எம்ப்ரயர் தொடங்கியது. ராணுவ அரசு 80 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அங்கும் பட்டாளத்துப் பணம்தான். ஆனால் வரைபடம் அவர்களுடையது. அந்த அனுபவத்தின் மேல்தான் அடுத்தடுத்த விமானங்கள் வந்தன. இந்தோனேசியாவின் என்-250 1995இல் பறந்தது; 1998இல் ஐ.எம்.எஃப். நிபந்தனையால் அதற்கான அரசு நிதி நின்றது. ஏகாதிபத்தியம் என்ற விடை அங்கே பொருந்தும். நம் கதையின் பெரும்பகுதிக்கு அது பொருந்தாது.

2023இல் ஏர் இந்தியாவும் இண்டிகோவும் அறிவித்த ஆர்டர்கள் மட்டும் 970 விமானங்கள். ஒன்றுகூட இங்கே வரையப்பட்டதல்ல. 2025 அக்டோபரில் ரஷ்யாவின் எஸ்.ஜே-100ஐ இங்கே தயாரிக்க எச்.ஏ.எல். புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. மறுபடியும் அவ்ரோவா?

எனக்கு விமான தேசபக்தி எதுவும் கிடையாது. ஆனால் பரந்தூரில் விமான நிலையத்துக்கு நிலம் கேட்டபோது ஏகனாபுரத்து ஜனங்கள் 2022இல் தெருவுக்கு வந்தார்கள். நிலம் நம்முடையது, உழைப்பு நம்முடையது, வரைபடம் மட்டும் இன்னொருத்தருடையது என்றால் அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைப்பது யார்? பூங்காவோ ஒப்பந்தமோ வரும்போது எத்தனை பேருக்கு வேலை என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறோம். வடிவமைப்பு உரிமை யாரிடம், அதைத் திருத்தும் அதிகாரம் இங்கே யாருக்காவது உண்டா என்றும் கேட்க வேண்டும். பாகம் கடைகிற பையனின் கைத்திறனில் குறையில்லை. அந்த அளவு ஏன் அந்த அளவு என்று அவன் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும்.