ரெஸில்மேனியாவுக்கு மறுநாள்: 'மண்டே நைட் ரா' பார்வையாளர்களின் வரலாறு, 1993–2025

அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தின் மிகப் பெரிய ஆண்டு நிகழ்ச்சி ரெஸில்மேனியா. மார்ச் அல்லது ஏப்ரல் மாதத்தில் அது முடிந்த மறுநாள், திங்கட்கிழமை இரவில் ஒளிபரப்பாகும் 'மண்டே நைட் ரா' இன்று தனியொரு நிகழ்ச்சிக்குரிய மதிப்பைப் பெற்றிருக்கிறது. புதியவர்கள் அறிமுகமாவார்கள், பட்டம் கைமாறும், அரங்கத்தில் இருப்பவர்கள் கதையின் போக்குக்கு அடங்காமல் கோஷமிடுவார்கள் என்று எதிர்பார்த்தே ரசிகர்கள் அதைப் பார்க்கிறார்கள். இந்த வழக்கத்தின் தொடக்கத்தை 1993 வரை கொண்டுபோவது பொதுவான போக்கு. சான்றுகள் அவ்வளவு தூரம் இடம்கொடுப்பதில்லை.

1993க்கு முன்பு இப்படியொரு மறுநாள் அமையவே வழியில்லை. முதல் ரெஸில்மேனியா 1985 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது. அக்காலத்து வாராந்திர நிகழ்ச்சிகள் பல வாரங்களுக்குச் சேர்த்து ஒரே மாலையில் ஒளிப்பதிவு செய்யப்பட்டவை. பெரிய போட்டியின் விளைவு தொலைக்காட்சிக்கு வந்துசேர வாரங்களோ மாதங்களோ ஆகும். 1987 மார்ச் 29 அன்று பான்டியாக் சில்வர்டோமில் மோதிய ஹல்க் ஹோகனும் ஆந்த்ரே த ஜயண்டும் என்பிசி தொலைக்காட்சியில் மறுபடி நேருக்கு நேர் மோதியது 1988 பிப்ரவரி 5 அன்றுதான். இடையில் பத்து மாதங்கள் கடந்திருந்தன.

1993 ஜனவரி 11 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டன் சென்டரில் 'ரா' தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை, லாஸ் வேகாஸில் ஒன்பதாவது ரெஸில்மேனியா நடந்தது. மறுநாள் என்று ஒன்று அப்போதுதான் உருவானது. அதற்கென்று ஒரு குணம் உருவாகப் பல ஆண்டுகள் ஆயின.

இந்தக் குணத்தை விளக்க முற்படுபவர் பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் ரோலான் பார்த்தைத் தாண்டிப் போக முடியாது. 1952 அக்டோபரில் 'எஸ்ப்ரி' இதழில் வெளிவந்து, 1957இல் 'மித்தொலொஜி' நூலின் முதல் கட்டுரையாக இடம்பெற்ற அவருடைய எழுத்து, மல்யுத்தம் குறித்த ஆய்வுகளுக்கு இன்றுவரை தோற்றுவாயாக இருக்கிறது. குத்துச்சண்டை பார்வையாளரின் கண்முன்னே வளரும் கதை. மல்யுத்தத்தில் ஒவ்வொரு கணமும் தன்னளவில் முழுமையானது, ஒரு கணத்தை அடுத்ததோடு இணைத்துப் பார்க்கும் தேவை ரசிகருக்கு இல்லை, போட்டியின் முடிவு என்ன ஆகும் என்பதிலும் அவருக்கு அக்கறை இல்லை என்பது அவர் வாதம். வலி, தோல்வி, நீதி ஆகியவை மிகைப்படுத்திக் காட்டப்படுகின்றன. அவற்றைப் படித்துப் புரிந்துகொள்வதே ரசிகரின் வேலை.

பாரிஸின் சிறு அரங்குகளில் ஓர் இரவுக்கு மட்டும் சீட்டு வாங்கி உட்கார்ந்த கூட்டத்தைப் பொறுத்தவரை இந்த வாசிப்பில் பெரிய குறை இல்லை. அதைத் தொலைக்காட்சி மல்யுத்தத்தின் மீது அப்படியே போர்த்துபவர்களிடம்தான் குறை இருக்கிறது. அங்கே காலமே கதையின் மூலப்பொருள். 1995 ஏப்ரல் 3 அன்று, முந்தைய இரவு தோற்ற ஷான் மைக்கேல்ஸை அவருடைய மெய்க்காவலர் சிட் அடித்து வீழ்த்தினார். முந்தைய இரவைப் பார்க்காதவருக்கு அது வெறும் அடிதடி. 1997 மார்ச் 24 அன்று பிரெட் ஹார்ட் அமெரிக்க ரசிகர்களையே குற்றம்சாட்டிப் பேசியது இன்னும் தெளிவான சான்று. முந்தைய நாள் நடந்த போட்டியில் கூட்டம் வில்லனான ஸ்டீவ் ஆஸ்டினின் பக்கம் சாய்ந்ததுதான் அந்தப் பேச்சின் பொருள். 'நேற்று' என்பது இல்லாவிட்டால் அந்தப் பேச்சும் இல்லை. தொலைக்காட்சி மல்யுத்தத்தைத் தொடர் நாடகமாக வாசித்த ஹென்றி ஜென்கின்ஸின் 1997ஆம் ஆண்டுக் கட்டுரை இந்த விஷயத்தில் பார்த்தைவிட உண்மைக்கு அருகில் நிற்கிறது.

பார்த்திடம் இரண்டாவது சிக்கலும் உண்டு; அதுவே பெரியது. அவருடைய பார்வையாளர் எப்போதும் வாசகர். வீரர் எழுதுகிறார், கூட்டம் படிக்கிறது. கொடியவனைக் கண்டால் கூட்டம் ஏசும், அவன் வீழ்ந்தால் மகிழும். எழுதப்பட்டதைத் துல்லியமாகப் புரிந்துகொண்ட பின்னும் அதன்படி நடக்க மறுக்கும் கூட்டத்துக்கு இந்த அமைப்பில் இடமே இல்லை. மறுநாள் 'ரா'வின் வரலாறு பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் வரலாறு.

இந்தக் கூட்டம் தொண்ணூறுகளிலோ 2000களின் தொடக்கத்திலோ இருந்ததாகத் தெரியவில்லை. மறுநாள் நிகழ்ச்சியில் அப்போதும் பெரிய திருப்பங்கள் நடந்தன. 1996 ஏப்ரல் 1 அன்று மேன்கைண்ட் அறிமுகமானார். 1998 மார்ச் 30 அன்று டிரிபிள் ஹெச் தலைமையில் டி-ஜெனரேஷன் எக்ஸ் குழு புதிதாக அமைந்தது. 2002 மார்ச் 18 அன்று பிராக் லெஸ்னர் முதன்முதலாகத் தோன்றினார். இவையெல்லாம் இரு நிகழ்ச்சிகளையும் நடத்தும் நிறுவனத்தின் கதையாசிரியர்கள் போட்ட கணக்குகள். ஓர் ஆண்டுக் கதை முந்தைய இரவோடு முடிந்துவிட்டதால் அடுத்ததைத் தொடங்கியாக வேண்டும், அவ்வளவே. கூட்டம் கதையோடு ஒத்துப்போனது.

ஏன் ஒத்துப்போனது என்பதற்கான தடயம் ஊர்ப்பெயர்களில் இருக்கிறது. 1997இல் ரெஸில்மேனியா சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட்டில், மறுநாள் ராக்ஃபோர்டில். 1998இல் பாஸ்டன், மறுநாள் சுமார் 270 கிலோமீட்டர் தள்ளி ஆல்பனி. 2001இல் ஹூஸ்டன், மறுநாள் 400 கிலோமீட்டருக்கும் அப்பால் ஃபோர்ட் வொர்த். 2002இல் டொரோண்டோ, மறுநாள் 500 கிலோமீட்டருக்கு மேல் விலகி மாண்ட்ரியால். ரிங்கும் விளக்குகளும் லாரியில் ஏறி இரவோடிரவாகப் போய்ச் சேர்ந்துவிடும். முந்தைய நாள் அரங்கத்தில் இருந்த ரசிகரோ பெரும்பாலும் வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் அரங்கத்தை நிரப்பியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கு அது ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வாய்க்கும் வேடிக்கை, அதைக் கெடுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

2003இல் இது மாறுகிறது. சியாட்டிலில் ரெஸில்மேனியா நடந்தது. மறுநாள் 'ரா'வும் அதே சியாட்டிலில், கோல்ட்பர்க் அறிமுகத்தோடு நடந்தது. 2005இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்டேபிள்ஸ் சென்டரிலும், 2006இல் ரோஸ்மான்ட்டின் ஆல்ஸ்டேட் அரினாவிலும் இரு இரவுகளும் ஒரே கட்டடத்தில் கழிந்தன. 2007 மட்டும் விலக்கு: டெட்ராய்ட்டுக்குப் பின் ஓஹையோவின் டேட்டன். 2008 முதல் பெரும்பாலும் அதே நகரம் அல்லது பக்கத்து நகரம். இதே காலத்தில்தான் ரெஸில்மேனியா பெரிய விளையாட்டு மைதானங்களில் நிலைபெற்றது. விமானச் சீட்டு, விடுதி, விழா நுழைவு எல்லாம் சேர்ந்த பயணத் தொகுப்புகளில் திங்கட்கிழமை 'ரா'வும் சேர்க்கப்பட்டது. சிறு மல்யுத்த நிறுவனங்கள் அதே வார இறுதியில் அதே ஊரில் கடைவிரிக்கத் தொடங்கின. ரிங் ஆஃப் ஹானர் 2006 மார்ச் 31 அன்று சிகாகோ அருகே நிகழ்ச்சி நடத்தியது அதன் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. ஆக, நாலைந்து நாள் ஒரே நகரத்தில் தங்கி, பல நிறுவனங்களின் மல்யுத்தத்தைப் பார்த்து, கடைசி இரவில் 'ரா' அரங்கத்துக்குள் நுழையும் ஒரு புதுக் கூட்டம் உருவாகியிருந்தது.

அந்தக் கூட்டத்தை மிகத் தெளிவாகக் காட்டும் ஆவணம் 2013 ஏப்ரல் 8 ஒளிபரப்பு. இடம் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் உள்ள ஐஸாட் சென்டர். முந்தைய இரவு ரெஸில்மேனியா நடந்த மெட்லைஃப் மைதானத்துக்கு அருகிலேயே இருந்த அரங்கம். ஒளிப்பதிவில் மூன்று இடங்கள் கவனத்துக்குரியவை.

முதலாவது, டால்ஃப் ஸிக்லர் பட்டம் வென்ற காட்சி. எந்த நேரத்திலும் சாம்பியனை மோதலுக்கு அழைக்கலாம் என்ற ஒப்பந்தப் பெட்டி அவரிடம் இருந்தது. நாயகனாக எழுதப்பட்ட ஆல்பர்ட்டோ டெல் ரியோ காலில் அடிபட்டுக் கிடந்தபோது, வில்லனாக எழுதப்பட்ட ஸிக்லர் அந்தப் பெட்டியோடு ஓடிவந்தார். பார்த்தின் கணக்குப்படி, அடிபட்டவனை ஏய்த்து வென்றவனைக் கூட்டம் ஏச வேண்டும். அரங்கம் அதிர்ந்தது, மகிழ்ச்சியில்.

இரண்டாவது, ராண்டி ஆர்ட்டனும் ஷேமஸும் மோதிய போட்டி. இருவருமே நாயகர்கள். கூட்டம் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. வர்ணனையாளர்களின் பெயர்களையும், ரிங்கில் அறிவிப்புச் செய்பவரின் பெயரையும், அங்கே இல்லாத பழைய வீரர்களின் பெயர்களையும் மாற்றி மாற்றிக் கோஷமிட்டது. போட்டி ஒரு பக்கமும் கூட்டம் இன்னொரு பக்கமுமாக இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தன. வர்ணனையாளர்கள் அதை ஒளிக்க முடியாமல் ஒப்புக்கொண்டது, தொலைக்காட்சி மல்யுத்தத்தில் அரிதாகக் கிடைக்கும் தடயம்.

மூன்றாவது, ஃபான்டாங்கோ என்ற நடனக்கார வில்லனின் நுழைவு இசை. அதற்குச் சொற்களே தேவைப்படவில்லை. கூட்டம் மெட்டை மட்டும் முணுமுணுத்தபடி கைகளை ஆட்டியது. சில நாட்களில் அந்த இசை பிரிட்டனின் தனிப்பாடல் பட்டியலில் 44ஆம் இடத்துக்கு வந்தது.

இந்த அரங்கத்தில் இருந்தவர்கள் யார்? நியூயார்க், நியூ ஜெர்சி ரசிகர்கள் எப்போதும் வாய்த்துடுக்கானவர்கள், 2013இல் நடந்தது உள்ளூர் குணம்தான் என்று மறுக்க இடமிருக்கிறது. சீட்டு வாங்கியவர்களின் ஊர்ப்பட்டியல் கையில் இல்லாத நிலையில் இந்த மறுப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் எதிர்ச்சான்றுகள் கனமானவை. அடுத்த வாரம் தென் கரோலினாவின் கிரீன்வில்லில் அதே இசை ஒலித்தபோது அந்த எழுச்சி இல்லை. அதற்கடுத்த வாரம் லண்டனில் மீண்டும் எழுந்தது. அதைவிட முக்கியமானது, பிற்காலத்து ஊர் வரிசை. 2014இல் நியூ ஆர்லீன்ஸ், 2015இல் சான் ஹோசே, 2016இல் டாலஸ், 2017இல் ஆர்லாண்டோ. ஒன்றுக்கொன்று எந்த ஒற்றுமையும் இல்லாத நான்கு நகரங்கள் ஒரே திங்கட்கிழமை இரவில் ஒரே குரலில் பேசின. உள்ளூர் குணம் என்றால் ஊருக்கு ஊர் மாறியிருக்க வேண்டும். மாறாத ஒன்று ஊரை விட்டு ஊர் வந்தவர்களோடுதான் வந்திருக்க முடியும்.

தொடக்க ஆண்டு எது என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. 2006 ரோஸ்மான்ட்டைச் சிலர் முன்வைக்கலாம். முந்தைய இரவு அங்கே நாயகனாக எழுதப்பட்ட ஜான் சீனாவைக் கூட்டம் வெளிப்படையாக எதிர்த்தது. ஆனால் சிகாகோ வட்டாரம் எந்த நாளிலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். உள்ளூரையும் வெளியூரையும் அங்கே பிரித்தறிய முடியாது. 2008இல் ரிக் ஃப்ளேருக்கும் 2010இல் ஷான் மைக்கேல்ஸுக்கும் நடந்த பிரியாவிடைகளில் கூட்டம் கண்ணீரோடு கதைக்கு உடன்பட்டது. ஐயத்துக்கு இடமில்லாத முதல் சான்று 2012 ஏப்ரல் 2, மயாமி. முந்தைய இரவு 18 விநாடியில் தோற்கடிக்கப்பட்ட டேனியல் பிரையன் கதைப்படி வில்லன். மறுநாள் இரவு அவர் ரிங்கில் இல்லாத நேரத்திலும் அரங்கம் அவருடைய 'யெஸ்' கோஷத்தை எழுப்பிக்கொண்டிருந்தது. அன்றைய பெரிய செய்தியாக நிறுவனம் திட்டமிட்டது, எட்டு ஆண்டுகளுக்குப் பின் லெஸ்னர் திரும்பிவந்ததைத்தான். 2003க்கும் 2012க்கும் இடையில் மாற்றம் படிப்படியாக நிகழ்ந்திருக்க வேண்டும். அதை ஓர் ஆண்டில் அறைந்து நிறுத்துவது சான்றுகளுக்கு இழைக்கும் அநீதி.

2013க்குப் பின் நிறுவனம் கூட்டத்தை அடக்கப் பார்க்கவில்லை, கணக்கில் சேர்த்துக்கொண்டது. இன்றைய கூட்டம் வழக்கத்துக்கு மாறானது என்று வர்ணனையாளர்கள் முன்கூட்டியே பார்வையாளர்களைத் தயார்ப்படுத்தினர். நிறுவனத்தின் வளர்ப்பு நிகழ்ச்சியான என்எக்ஸ்டியைச் சேர்ந்த, தீவிர ரசிகர்களுக்கு மட்டும் தெரிந்த வீரர்கள் அந்த இரவுக்கென்று ஒதுக்கிவைக்கப்பட்டனர். 2014இல் பேஜ் அறிமுகமான இரவிலேயே பட்டம் வென்றார். இவற்றுள் மிகவும் சாமர்த்தியமான ஏற்பாடு 2017 ஏப்ரல் 3 அன்று செய்யப்பட்டது. அண்டர்டேக்கரை முந்தைய இரவு தோற்கடித்த ரோமன் ரெய்ன்ஸ் தனியாக ரிங்குக்கு அனுப்பப்பட்டார். சுமார் பத்து நிமிடம் கூட்டம் அவரைத் திட்டித் தீர்த்தது. அவர் வாய் திறக்காமல் நின்றார். கடைசியில் இது இனி தன்னுடைய இடம் என்ற பொருளில் ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார். கூட்டத்தின் எதிர்ப்பே அந்தக் காட்சியின் வசனம். எதிர்மாறான எடுத்துக்காட்டு 2019 புரூக்ளின்: இரு சாம்பியன்கள் இரு பட்டங்களுக்கும் மோதுவார்கள் என்று அறிவித்துவிட்டு, அதைச் சாதாரண இணைப்போட்டியாக மாற்றினார்கள். ஏமாற்றப்பட்டதை அரங்கம் மறைக்கவில்லை.

தங்கிப்போகும் கூட்டமே காரணம் என்ற வாதத்துக்கு நிறுவனத்தின் இன்னொரு வாராந்திர நிகழ்ச்சியான 'ஸ்மாக்டவுன்' துணை நிற்கிறது. அது செவ்வாய்க்கிழமை நேரலையாக நடந்த காலத்தில், 2017 ஏப்ரல் 4 அன்று அதே ஆர்லாண்டோ அரங்கத்தில் ஷின்சுகே நகமுரா அறிமுகமானபோது கூட்டம் அவருடைய இசையைப் பாடியது. 2019 அக்டோபரில் அது வெள்ளிக்கிழமைக்கு மாறியது. ஞாயிறுக்கும் வெள்ளிக்கும் இடையே ஐந்து நாட்கள்; அதுவரை யாரும் விடுதியில் தங்குவதில்லை.

2020இல் கொள்ளைநோய் நிறுவனத்தின் பங்கையும் கூட்டத்தின் பங்கையும் தானாகவே பிரித்துக் காட்டியது. பார்வையாளர் இல்லாத ஆர்லாண்டோ பயிற்சிக்கூடத்தில் ரெஸில்மேனியாவும் மறுநாள் 'ரா'வும் ஒளிபரப்பாயின. பியான்கா பெலேர் அந்த இரவில் 'ரா'வில் புதிதாகத் தோன்றினார். நிறுவனத்தின் பங்கு குறைவின்றி நடந்தது. ஆனால் அதை மறுநாள் 'ரா' என்று யாரும் நினைவுகூர்வதில்லை. 2021இல் கூட்டம் திரைகளில் முகமாக மட்டும் இருந்தது. 2022இல் டாலஸில் மீண்டும் அரங்கம் நிறைந்தது.

ரெஸில்மேனியா இப்போது இரண்டு இரவு நிகழ்ச்சி. 2025 ஏப்ரல் 19, 20 தேதிகளில் லாஸ் வேகாஸின் அலீஜியன்ட் மைதானத்தில் அது நடந்தது. 21ஆம் தேதி 'ரா' அதே நகரத்தின் டி-மொபைல் அரினாவில். அந்த ஆண்டு ஜனவரி 6 முதல் 'ரா' நெட்ஃபிளிக்ஸுக்குப் போயிருந்தது. இந்தியாவில் ஏப்ரல் முதல். செவ்வாய்க்கிழமை விடியலில் எழுந்து பார்க்கும் இந்திய ரசிகர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் வழியே வந்த முதல் மறுநாள் நிகழ்ச்சி அதுவே.