குட்டிச்சாத்தான் உலோகம்

உலோகங்களுக்குப் பெயர் வந்த கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கோபால்ட்டின் கதை. தங்கத்தைப் போல ஆசைப்பட்டுத் தேடிய உலோகமல்ல அது. மனிதர்கள் ஏசித் தள்ளிய உலோகம்.

பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஸாக்ஸனி மலைப் பிரதேசத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் மும்முரமாக நடந்தன. வெள்ளி என்று நம்பி எடுத்த கல் சில சமயம் உலையில் காலை வாரிவிடும். வெள்ளி வராது; விஷப் புகைதான் வரும். கல்லில் பாஷாணம் கலந்திருக்கிறது என்று அந்த ஏழைகளுக்கு எப்படித் தெரியும்? 'கோபோல்டு' என்னும் குட்டிச்சாத்தானின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அக்ரிகோலா என்ற வைத்தியர் சுரங்கத் தொழிலைப் பற்றி எழுதிய பெரிய நூல், அவர் காலமான மறு வருஷம், 1556-ல் வெளிவந்தது. நனைந்த கைகால்களை இந்தக் கல் அரித்துவிடும், நுரையீரலையும் கண்ணையும் கெடுக்கும் என்கிறார். முழங்கைவரை உறை, உயரமான தோல் பூட்ஸ், முகத்துக்குத் திரை வேண்டும் என்கிறார். அதே மனிதர், சுரங்கப் பேய்களைப் பிரார்த்தனையாலும் உபவாசத்தாலும் விரட்டலாம் என்றும் எழுதியிருக்கிறார்! எனக்கு அவர்மேல் மதிப்புக் குறையவில்லை. பேய்க்கு உபவாசம் சொன்னவர், கைக்கு உறையும் சொன்னார் அல்லவா?

அதே கல்லை வறுத்து, மணலோடு உருக்கினால் கண்ணாடி அற்புதமான நீலமாகும். அந்த நீலத்துக்குக் காரணம் பிஸ்மத் என்றே பலர் நினைத்திருந்தார்கள். இல்லை, இது ஒரு புது உலோகம் என்று 1730-களில் காட்டியவர் ஸ்டாக்ஹோமில் இருந்த ஜார்ஜ் பிராண்ட்.

இரும்பு, நிக்கல், தாமிரம் எல்லாம் இதற்குப் பங்காளிகள். இடைநிலை உலோகங்கள் என்கிறார்கள். உள்வட்டத்து எலெக்ட்ரான்கள் நிரம்பாத இந்தக் குடும்பத்தின் உப்புகளில் பல, வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கி மிச்சத்தை நிறமாகக் காட்டுகின்றன. கோபால்ட் குளோரைடை நீரில் கரைத்துக் கடிதம் எழுதினால் வெளிறிய ரோஜா நிறம் காகிதத்தில் தெரியாது. சூடு காட்டினால் நீரை இழந்து எழுத்து நீலமாக எழும்பும். ஈரக் காற்றில் மீண்டும் மறையும். துப்பறியும் கதைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

இன்று நம் கைப்பேசிகள் பலவற்றின் பாட்டரியிலும் கோபால்ட் இருக்கிறது. உலகத்துக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவின் காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே பெரிய இயந்திரங்கள் ஒரு பக்கம். கடப்பாரையும் கையுமாகத் தோண்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். அவர்களில் சிறுவர்களும் உண்டு. அக்ரிகோலா கேட்ட உறையும் திரையும் அவர்களில் பலரிடம் இல்லை.