கணக்கும் திறவுகோலும்

பிரம்மதேசம் என்னும் ஊர்ப்பெயரே பழைய நிலக்கொடையான பிரமதேயத்தை நினைவூட்டுவது. அப்பக்கத்து வயல்களையும் மரக்காணத்து உப்பளங்களையும் காணும்போதெல்லாம், இவற்றின் எல்லையைச் சொல்ல வல்லவர் யார் என்று நான் எண்ணியதுண்டு.

முன்னாளில் வயலின் எல்லையைச் சொன்னவர் கர்ணம். கணக்கு ஊருடையது, ஆயினும் கணக்குக் கட்டும் அதைப் படிக்கும் பழக்கமும் நெடுங்காலம் பரம்பரையாக அவரிடமே இருந்தன. ஐயம் எழுந்தால் குடியானவர் அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தார். 1980ஆம் ஆண்டில் தமிழக அரசு அப்பதவியை ஒழித்தது. பின்னர்க் கணக்கு கணிப்பொறிக்குள் புகுந்தது.

அங்கே புதியதொரு திண்ணை தோன்றிவிடலாகாதே என்பதுதான் என் கவலை. தெரு, மனை, நீர்நிலை ஆகியவற்றைக் காட்டும் நகரமைப்பு வரைபடங்களை மென்பொருள் கொண்டே திறக்கிறோம். அதற்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டுமாயின், நிதி நின்ற ஆண்டில், மக்கள் பணத்தால் அளந்த கணக்கு பூட்டிய பெட்டியாகிவிடும்.

இதற்கு மாற்று உண்டு. 2002இல் தொடங்கிய க்யூஜிஐஎஸ், உரிமக் கட்டணமில்லாத வரைபட மென்பொருள். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007ஆம் ஆண்டளவில் லினக்ஸைக் கைக்கொண்டது. 2015இல் நடுவணரசும் திறந்த மூல மென்பொருளுக்கு முதன்மை தரும் கொள்கையை வெளியிட்டது.

கட்டணமில்லை என்பதால் செலவே இல்லை என்று கருதலாகாது. பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் பொருள் வேண்டும். ஆனால் அப்பொருள் நம் இளைஞரின் கல்வியாக நாட்டிலேயே தங்கும். கணக்கு மட்டுமன்று, அதன் திறவுகோலும் ஊரிடமே இருத்தல் வேண்டும். கர்ணத்தின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே.