அடங்கலில் ஏறாத நீர்: பழவேற்காட்டு மீனவர் ஊர்களும் விளைச்சல் இழப்பு மதிப்பீட்டின் வரலாறும்

பொன்னேரி வட்டத்தின் கடலோரத்தில் நெல்வயல்களும் பழவேற்காட்டு ஏரியின் மீனவர் குப்பங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வடகிழக்குப் பருவமழை பொய்த்தாலும் மிகுந்தாலும் இரு தொழில்களும் ஒருங்கே பாதிக்கப்படுகின்றன. எனினும், மகசூல் இழந்த உழவர் 2016இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இழப்பீடு பெற இயலும். இறால் வரத்துக் குறைந்த மீனவருக்கு அவ்வழி இல்லை. இவ்வேறுபாட்டை அரசின் பாராமுகமாக மட்டும் கொள்வது போதாது. இழப்பை அளக்கும் முறையே நிலவரி நிர்வாகத்தின் வழிவந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சென்னை மாகாணத்தின் இரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலுக்கும் புல எண் உண்டு. எந்தப் புலத்தில் எப்பயிர் விளைந்தது என்பதைக் கர்ணம் அடங்கலில் பதிந்தார். பயிர் சாவியானால் தீர்வையில் வஜா வழங்கும் வழக்கம் இருந்தது. அதாவது, விளைச்சல் இழப்பு என்பது முதலில் வரிக்கணக்கின் ஒரு கூறாகவே எழுத்தில் இடம்பெற்றது.

இம்மரபிலிருந்து விலகிச் சிந்தித்தவர் மைசூர் அரசில் பணியாற்றிய ஜே. எஸ். சக்கரவர்த்தி. 1920இல் வெளியான தம் நூலில், மழைக்குறைவையே இழப்பின் அடையாளமாகக் கொள்ளும் காப்பீட்டை அவர் முன்மொழிந்தார். வயல்தோறும் மகசூலை அளக்க வேண்டியதில்லை. மழைமானியின் அளவு போதும். அக்காலத்தில் அது நடைமுறைக்கு வரவில்லை. பின்னர் வி. எம். தாண்டேகர் வகுத்த பரப்புவழி அணுகுமுறை 1979இல் முன்னோடித் திட்டமாகவும், 1985இல் விரிவான பயிர்க் காப்பீடாகவும், 1999இல் தேசிய வேளாண் காப்பீடாகவும் வளர்ந்தது. இன்றைய திட்டத்தில், கடந்த ஏழு ஆண்டுகளுள் சிறந்த ஐந்தாண்டுகளின் சராசரி மகசூலிலிருந்து வரம்பு மகசூல் கணிக்கப்படுகிறது. பயிர் அறுவடைப் பரிசோதனையில் கிடைக்கும் மகசூல் அதனினும் குறைந்தால் இழப்பீடு உண்டு. பதிவு செய்யும் உழவர் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் சான்றை இணைக்க வேண்டும். கர்ணம் பதவி ஒழிந்தும் அவருடைய ஏடு ஒழியவில்லை.

ஏரிநீருக்குப் புல எண் இல்லை. ஆனால் அது ஒழுங்கற்ற பொதுவெளியும் அன்று. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் பாடு முறையால் சுத்து வலை மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தி வந்தன. செபாஸ்டியன் மேத்யூ 1991இல் உலக உணவு வேளாண்மை அமைப்புக்காக எழுதிய ஆய்வு இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளது. தலைக்கட்டு உரிமை பெற்றவர்களுக்கு மீன்பிடி இடங்கள் முறைவைத்துப் பங்கிடப்படுகின்றன. இங்குப் பகிரப்படுவது மீன் அன்று, நல்ல இடத்தில் வலை வைக்கும் வாய்ப்பு. இன்று வளமற்ற இடம் வாய்த்தவருக்கு நாளை வளமான இடம் கிட்டும். தனிமனிதரின் தீயூழைத் தணிக்கும் காப்பீடாக இதனைக் காணலாம்.

பாட்டின் எல்லையும் இங்கேயே தொடங்குகிறது. இறால் குஞ்சுகள் கடலிலிருந்து முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வருகின்றன. மணல்திட்டு அதனை அடைத்துவிட்டால் எல்லாப் பாடுகளும் ஒருசேர வறள்கின்றன. பங்கிட ஏதுமில்லாத நிலையில் முறைவைப்பால் பயனில்லை. பரப்புவழிக் காப்பீடு உருவானதோ இத்தகைய பொது இழப்புக்காகவே. பாடு தாங்காத சுமையைத் தாங்கவல்ல ஏற்பாடு ஏரிக்கரை வயல்வரை வந்து நின்றுவிட்டது.

பேரிடர் நிவாரண விதிகளும் இதே கணக்கையே பின்பற்றுகின்றன. 33 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பயிர் இழப்புக்கு இடுபொருள் மானியம் உண்டு. மீனவருக்குச் சேதமடைந்த படகும் வலையும் கணக்கில் வருகின்றன, கிடைக்காத மீன் வருவதில்லை. 2024இல் ஒப்புதல் பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய கிசான் சம்ரிதி சஹ் யோஜனா நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குக் காப்பீட்டு ஊக்கத்தொகை அளிக்கிறது. வளர்ப்புக் குளத்திற்கு எல்லையும் இருப்புக் கணக்கும் உண்டு என்பதை நோக்கும்போது இது வியப்புக்குரியதன்று. மீன்பிடி குறைவுகால நிவாரணமோ இழப்பை அளவிடாமல் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வழங்கப்படுகிறது. அளவீட்டைத் தவிர்ப்பதில் இது சக்கரவர்த்தியின் கருத்தை ஒருவாறு நெருங்குகிறது. ஆனால் அவர் மழைமானியை நோக்கினார், இந்நிவாரணம் நாட்காட்டியை நோக்குகிறது.

முகத்துவாரம் அடைபட்டிருந்த நாட்களையும் நீரின் உவர்ப்பளவையும் குறியீடாகக் கொண்டு ஏரிக்கென ஒரு காப்பீட்டை வகுக்க இயலும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பது நிர்வாகச் சிக்கல்தான். அதனினும் கடினமானது பயனாளர் பட்டியல். தலைக்கட்டுப் பட்டியலை அப்படியே ஏற்றால், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் அதில் இடம்பெறமாட்டார்கள்; பெண்களுக்கும் இடமிராது. அடங்கலில் தம் பெயர் ஏறாத குத்தகை உழவர் பயிர்க் காப்பீட்டில் அடைந்துவரும் நிலையே ஏரியில் அவர்களுக்கும் நேரும்.